ஒளி குறைவது எங்கே?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியமும் இசையும் கேட்டு மகிழ்ந்த இவ்வவையில், பழைய மோட்டார் வண்டியின் முகப்பு விளக்கைப் பற்றிப் பேச யாம் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். யாம் பொறியியல் கற்றவரல்லோம். மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, இரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தாவாகப் பணியாற்றி வருகிறோம். எனினும், பள்ளி விடுமுறை வந்ததும் மனைவி மக்களோடு பழைய பத்மினி வண்டியிலேயே தமிழகத்துக்குப் புறப்படும் அன்பர்கள் சிலர் நம்மிடையே இன்றும் உளர். இரவில் மலைப்பாதையில் இறங்குகையில் வழி தெளிவாகத் தெரியவில்லை என்று அவர்கள் குறைபட்டுக் கொள்வதைப் பலமுறை கேட்டிருக்கிறோம். சிலர் தம் மூக்குக் கண்ணாடியை மாற்றுகின்றனர். சிலர் பல்பை மாற்றுகின்றனர். குறை இவ்விரண்டிலும் இல்லாமல், இடையேயுள்ள கம்பியில் இருத்தல் கூடும். இதுவே இன்று யாம் சொல்ல வந்த செய்தி.

பத்மினி நமக்கு அயல் வண்டியன்று. செம்பூருக்கு அடுத்த குர்லாவில் பிறந்தது. வால்சந்த் ஹிராசந்த் 1944ஆம் ஆண்டு தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், இத்தாலிய நாட்டு ஃபியட் 1100 வண்டியை இங்கே உருவாக்கியது. 1964இல் வந்த 'டிலைட்' வகையே பின்னர் 'பிரீமியர் பத்மினி' என்று பெயர் பெற்றது. கறுப்பும் மஞ்சளும் பூசிய டாக்சியாக இந்நகரெங்கும் ஓடிய அவ்வண்டிக்கு, டாக்சி என்ற முறையில் 2023 அக்டோபர் 30 அன்று விடை கொடுக்கப்பட்டது. சொந்த வண்டியாக வைத்துப் பேணுவோரிடம் அது இன்றும் உயிர் வாழ்கிறது.

அக்காலத்து வண்டிகளில் விளக்குக்குச் செல்லும் மின்சாரம் எவ்வழியே போகிறது என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். பாட்டரி முன்புறம் இருக்கிறது. விளக்கும் முன்புறமே இருக்கிறது. ஆயினும் மின்சாரம் நேரே செல்வதில்லை. பாட்டரியிலிருந்து புறப்பட்டு, ஓட்டுநரின் கைக்கு அருகேயுள்ள சுவிட்ச் வரை வந்து, அதனுள் நுழைந்து, மங்கல் ஒளிக்கும் நெடுந்தூர ஒளிக்குமான டிப் சுவிட்சையும் கடந்து, மீண்டும் முன்புறம் திரும்பி விளக்கை அடைகிறது. அடுத்த வீட்டுக்குச் செல்ல ஊரைச் சுற்றி வருவது போன்ற பயணம் இது! கம்பியோ மெல்லியது. இணைப்புகளிலோ பம்பாய்க் கடற்காற்றின் உப்பு பல ஆண்டுகளாகப் படிந்து பச்சைக் களிம்பு ஏறியிருக்கும்.

கணக்கு எழுதுவது எமது தொழிலாகையால், ஒரு சிறு கணக்கைச் சொல்ல அனுமதி வேண்டுகிறோம். 55 வாட் பல்புகள் இரண்டு எரிய, 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் வேண்டும். ஒரு சதுர மில்லிமீட்டர் பருமனுள்ள செம்புக் கம்பியில் 6 மீட்டர் தூரம் அது ஓடினால், கம்பியிலேயே ஏறத்தாழ ஒரு வோல்ட் கரைந்து போகும். களிம்பேறிய சுவிட்சும் இணைப்புகளும் மேலும் அரை வோல்ட்டை விழுங்கலாம். என்ஜின் ஓடுகையில் பாட்டரியில் 13.5 வோல்ட் இருந்தால், விளக்கை அடைவது 12 வோல்ட்.

"ஒன்றரை வோல்ட்தானே!" என்று நீங்கள் கேட்கலாம். இழை பல்பின் இயல்பு அப்படிப்பட்டதன்று. வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஒளி பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். மேற்சொன்ன கணக்கின்படி ஒளியில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே மறைந்து போகிறது. போன ஒளி எங்கே? கம்பியிலும் சுவிட்சிலும் வெப்பமாக மாறுகிறது. விளக்கு எரியும்போது சுவிட்ச் சுடுவதும், அதன் பிளாஸ்டிக் பழுப்பேறிக் கருகுவதும் இதனால்தான்.

இவ்விழப்பை இரயில்வேத் துறையினர் நன்கு அறிவர். 1925 பிப்ரவரி 3 அன்று இந்நாட்டின் முதல் மின்சார இரயில் ஓடியது நம் துறைமுகப் பாதையில்தான். போரிபந்தரிலிருந்து அதே குர்லா வரையில்! அன்று 1500 வோல்ட், நேர் மின்சாரம். வோல்ட் குறைவாயின் ஆம்பியர் மிகும். ஆம்பியர் மிகுந்தால் வழியில் இழப்பும் மிகும். பருத்த கம்பிகளும், அடுத்தடுத்துத் துணைமின் நிலையங்களும் அதனால் வேண்டியிருந்தன. துறைமுகப் பாதை 2016இல் 25,000 வோல்ட்டுக்கு மாறியபின் அத்தொல்லை பெரிதும் குறைந்தது. இன்னொன்றையும் நோக்குங்கள். புறநகர் வண்டியின் மோட்டார்மேன் பிடித்திருக்கும் கைப்பிடியின் வழியே மோட்டாருக்கான மின்சாரம் முழுவதும் ஓடுவதில்லை. கைப்பிடி ஆணையிடுகிறது, பெட்டிக்கு அடியிலுள்ள கருவிகள் அவ்வாணையை ஏற்று, பெரு மின்சாரத்தைத் திறக்கின்றன, மூடுகின்றன.

மோட்டார் வண்டியில் அவ்வேலையைச் செய்வதே 'ரிலே' என்னும் சிறு பெட்டி. அதனுள் ஒரு கம்பிச் சுருள் உண்டு. ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு அளவே பெற்றாலும் அது காந்தமாகி, ஒரு நாவை இழுத்துப் பெரிய கதவைத் திறந்துவிடும். பழைய கம்பியும் பழைய சுவிட்சும் ஆணையை மட்டும் சுமக்கும். விளக்குக்கு வேண்டிய மின்சாரமோ, பாட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக, ரிலே வழியாக, பருத்த புதுக் கம்பியில் நேரே செல்லும்.

வேலைக்கு இறங்குமுன் குறையை அளந்தறிதல் வேண்டும். என்ஜினை ஓடவிட்டு, விளக்கை ஏற்றி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் நேர்முனையிலும், மற்றதை எரியும் பல்பின் மின்முனையிலும் வையுங்கள். காட்டும் எண்ணே வழியில் இழந்த வோல்ட். அவ்வாறே பாட்டரியின் எதிர்முனைக்கும் பல்பின் எர்த் முனைக்கும் இடையே பாருங்கள். அரை வோல்ட்டுக்கு உட்பட்டிருந்தால் கவலையில்லை. மிகுந்திருந்தால் மாற்றம் வேண்டும். எர்த் பக்கம்தான் கோளாறு என்றால், துருவைச் சுரண்டி, நல்ல கம்பி கொண்டு இறுக்கினாலே போதுமானது.

மங்கல் ஒளிக்கு ஒன்று, நெடுந்தூர ஒளிக்கு ஒன்று என ரிலே இரண்டு வேண்டும். அதன் கால்களில் எண்கள் பொறித்திருக்கும். 30இல் பாட்டரிக் கம்பி, 87இல் விளக்குக் கம்பி, 86இல் பழைய சுவிட்சின் கம்பி, 85இல் எர்த். கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர் பருமனுள்ளதாயின் நன்று. பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே கம்பியில் கை வைத்தல் வேண்டும். ஃப்யூஸ் பாட்டரிக்கு மிக அருகில் இருக்கட்டும். அது இல்லாத நேர்க்கம்பி தகட்டில் உரசித் தோலுரிந்தால், வண்டியே தீப்பற்றும். இரு விளக்குக்கும் ஒரே ஃப்யூஸ் வைத்தல் தகாது. அது உருகினால் மலைவளைவில் ஒரு நொடியில் இருள் சூழும். இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனியே வையுங்கள். நம் ஊர் மழையை எண்ணி, ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்துங்கள். தகட்டைக் கடக்கும் இடத்தில் இரப்பர் வளையம் இடுங்கள். இவை புரியாதவர் கைதேர்ந்த எலக்ட்ரீஷியனிடம் விடுதலே அறிவுடைமை; எனினும், என்ன செய்கிறார் என்று அருகிலிருந்து காண்பது நம் கடமை.

இனி, ஓர் எச்சரிக்கை. ஒளி போதவில்லை என்றதும் 100 வாட் பல்பை வாங்கி மாட்டுவோர் உளர். நலிந்த கம்பியில் அது மேலும் சுமையேற்றும். எதிரொளிக் கிண்ணத்தையும் கருக்கும். இழை பல்புக்கென்று வார்த்த கிண்ணத்தில் எல்.ஈ.டி. பல்பைத் திணித்தால், ஒளி குவியாமல் சிதறி, எதிரே வருபவர் கண்ணைப் பறிக்கும். கண்கூசும் ஒளியை 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் தடுக்கின்றன. கம்பியைச் சீர்செய்தபின், சமதரையில் வண்டியை நிறுத்தி, சுவரில் ஒளி விழும் உயரத்தைப் பார்த்துத் திருத்துவதும் இன்றியமையாதது. கூடிய ஒளி தவறான உயரத்தில் விழுந்தால் தீமையும் கூடும்.

அன்பர்களே! நெடுஞ்சாலையோரம் ஆலை வேலை முடிந்து நடந்து செல்லும் தொழிலாளி இருக்கிறான். விளக்கில்லா மிதிவண்டியில் வரும் பால்காரர் இருக்கிறார். நாம் அவர்களை உரிய தொலைவில் காணவும் வேண்டும். நம் ஒளியால் அவர்கள் கண் குருடாகாமலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒருங்கே நிகழ, பெரிய பல்பு வேண்டியதில்லை. இரண்டு ரிலேயும், சில மீட்டர் கம்பியும், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதும் போதும். அடுத்த விடுமுறைக்கு ஊர் புறப்படுவோர், பெட்டி படுக்கை கட்டுமுன் இவ்வேலையை முடித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.