தொழிற்கல்விக்கு நியதிச்சட்டம் வேண்டும்

(கிளிநொச்சியில் ஆசிரியரும் கமக்காரரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



பாடசாலையிலே தொழில் கற்பிக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் நம் பெற்றோர் முகம் சற்றே சுருங்குகிறது. "மண்வெட்டி பிடிக்கவா பிள்ளையைப் படிக்க அனுப்பினேன்?" என்று கேட்கிறார்கள். இதனை அறியாமை என்று தள்ளிவிடுவோர் உளர். நான் தள்ளமாட்டேன். இந்தக் கேள்விக்குப் பின்னால் பட்டறிவு இருக்கிறது.

1932ஆம் ஆண்டிலே, கன்னங்கரா அவர்கள் கல்வி அமைச்சராயிருந்த காலத்தில், கண்டிப் பகுதியிலுள்ள ஹந்தெசவில் ஒரு கிராமியக் கல்வித் திட்டம் தொடங்கிற்று. பிள்ளை தன் சூழலிலிருந்தே பயிர்த்தொழிலும் கைப்பணியும் கற்க வேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நன்று. ஆயினும் நகரத்து ஆங்கிலப் பாடசாலை உத்தியோகத்துக்கு வழிகாட்ட, கிராமத்துப் பாடசாலை வயலுக்கு வழிகாட்டிற்று. பெற்றோர் எதனை நாடுவர்? திட்டம் தளர்ந்து போயிற்று.

கடலுக்கு அப்பால் சென்னை மாநிலத்தில் 1953இல் இராசாசி அவர்கள் ஆரம்பக் கல்வித் திட்டமொன்றைக் கொண்டுவந்தார்கள். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் படிப்பு. மீதி நேரம் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழகுவது. அதுவும் நாட்டுப்புறப் பாடசாலைகளுக்கே வகுக்கப்பட்டது. சலவைத் தொழிலாளியின் மகன் சலவையையும், முடிதிருத்துவோர் மகன் முடிதிருத்தலையும் பழகவா பள்ளிக்கூடம் என்று தமிழகம் கொதித்தெழுந்தது. குலக்கல்வித் திட்டம் என்ற பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. 1954இல் இராசாசி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது.

நம் நாட்டிலே 1972ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் தொழின்முன்னிலைப் பாடங்களை வகுப்பறைக்குக் கொண்டுவந்தது. அதே காலத்திலேதான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும் வந்தது. ஒரு கையால் பல்கலைக்கழகக் கதவைச் சாத்திக்கொண்டு மறுகையால் உளியை நீட்டினால் தமிழ்ப் பெற்றோர் அதை எப்படி நம்புவர்? 1977இல் ஆட்சி மாறிற்று. அந்த அமைப்பும் கைவிடப்பட்டது.

பின்னர் 2017இல் பதின்மூன்று ஆண்டு உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் 42 பாடசாலைகளில் முன்னோடியாகத் தொடங்கிற்று. க.பொ.த. சாதாரண தரத்தில் சித்தியடையாத மாணவரும் பன்னிரண்டாம் வகுப்புக்குச் சென்று, 26 தொழிற்பாடங்களில் விரும்பியதைக் கற்கலாம் என்றார்கள். தேசியத் தொழிற்றகைமையின் நான்காம் மட்டம் வரை செல்லலாம் என்றார்கள். வரவேற்கத்தக்கதே. எனினும் "தவறியவர்களின் வகுப்பு" என்று அதை இகழ்வோர் இன்றும் இருக்கிறார்கள்.

இந்த வரலாறு இரண்டு பாடங்களைச் சொல்கிறது. ஏழைப் பிள்ளைக்கென்று தனியே வகுக்கும் தொழிற்கல்வி அவனை இருந்த இடத்திலேயே கட்டிவைக்கிறது என்பது ஒன்று. அமைச்சரோடு வரும் திட்டம் அமைச்சரோடே போய்விடும் என்பது மற்றொன்று. ஆகவேதான் நியதிச்சட்டம் வேண்டும் என்கிறேன்.

சட்டமே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்க மூன்றாம்நிலை, தொழிற்கல்விச் சட்டம் உண்டு. தொழிற்பயிற்சி அதிகாரசபையை அமைத்த 1995ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் உண்டு. இவை நிறுவனங்களை அமைத்த சட்டங்கள். பாடசாலை வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளை, "இது எனக்குரியது, தாருங்கள்" என்று கேட்கத்தக்க உரிமை இவற்றில் எங்கே?

வன்னி நிலத்தைப் பாருங்கள். இரணைமடு நீரை வயலுக்குக் கொண்டுசெல்ல மதகும் வாய்க்காலும் நீரளவும் அறிந்தவர் வேண்டும். உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் பழுதானால் திருத்துநர் வேண்டும். முல்லைத்தீவுக் கரையில் படகு இயந்திரத்துக்கும் மீனைக் கெடாது காக்கும் குளிரறைக்கும் கைதேர்ந்தவர் வேண்டும். நெல்லை நெல்லாகவே விற்றுவிட்டு அரிசியைக் கடையில் வாங்கும் கமக்காரனுக்கு, பதனிடலும் கணக்கும் சந்தையும் கற்ற பிள்ளை வேண்டும். இவை தாழ்ந்த வேலைகளா? இவற்றில் அறிவியலும் கணிதமும் இல்லையா?

கட்டடங்களும் இங்கே இல்லாமலில்லை. அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. 2016இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் தொழிற்பயிற்சி நிலையமும் அங்கேயே இருக்கிறது. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆனால் துணுக்காயிலும் ஒட்டுசுட்டானிலும் கொக்கிளாயிலும் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் கட்டடங்கள் வரை நேரான பாதை அமையவில்லை. குறை அங்கேதான்.

அந்தப் பாதையை யார் அமைப்பது? 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் கல்வியை மாகாணப் பட்டியலில் வைத்தது. ஆரம்பப் பாடவிதானத்திலும், இடைநிலையின் தெரிந்தெடுத்த பாடங்களிலும், நடுவண் அரசின் இசைவோடு உள்ளூருக்கேற்ற மாற்றம் செய்ய அதன் மூன்றாம் பின்னிணைப்பு இடம் தருகிறது. சிறிய சாளரந்தான், ஆயினும் சாளரம். 2013 செப்ரெம்பரில் வடக்கு மாகாண சபையைத் தேர்ந்தெடுத்தோம். 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன் பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. சபை இல்லாத மாகாணத்தில் நியதிச்சட்டம் இயற்றுவது யார்? சபை இருந்த ஐந்தாண்டுகளிலும் இந்தச் சாளரத்தை நாம் வேண்டிய அளவு திறந்தோமா? கொழும்பைக் கேட்கும் வாயால் நம்மையும் கேட்டுக்கொள்வது கடமை.

அமையும் நியதிச்சட்டத்தில் நான்கு உறுதிகள் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

முதலாவது, தொழிற்பாடம் மாகாணத்தின் எல்லாப் பாடசாலைகளுக்கும் உரியதாதல் வேண்டும். நகரத்துப் பெரிய கல்லூரியின் மாணவனும் பட்டறையில் நிற்கட்டும். அன்றுதான் பட்டறைக்கு மதிப்பு வரும்.

இரண்டாவது, மேலேறும் வழி அடைபடலாகாது. தொழிற்றகைமையில் ஏழு மட்டங்கள் உள. ஏழாவது பட்டத்துக்கு ஒப்பானது. நான்காம் மட்டத்தில் நிற்கும் பிள்ளைக்கு ஏழாம் மட்டத்துக்கான படி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, நூலும் போதனையும் பரீட்சையும் தமிழில் நடைபெற வேண்டும். தொலைவிலிருந்து வரும் பிள்ளைக்கு, சிறப்பாகப் பெண்பிள்ளைக்கு, விடுதியும் பேருந்தும் வேண்டும். போரில் கணவனை இழந்து தனியே குடும்பம் காக்கும் தாய் பேருந்துச் செலவுக்கு எங்கே போவாள்?

நான்காவது, தெரிவு பிள்ளையுடையதாதல் வேண்டும். தகப்பன் என்ன தொழில், எந்தக் குலம், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பமா, காணி உண்டா என்று எவரும் கேட்கலாகாது. பயிற்சி என்ற பெயரில் பிள்ளைகளைக் கூலியற்ற வேலையாட்களாக்கும் முதலாளிக்குத் தண்டனையும் வேண்டும். 2016இல் கட்டாயக் கல்வி வயது 16 ஆக உயர்த்தப்பட்டது. 2021இல் வேலைக்கமர்த்தும் குறைந்த வயதும் 16 ஆயிற்று. பயிற்சி என்ற போர்வை அந்தக் காவலைத் துளைக்க விடக்கூடாது.

தோழர்களே! இவற்றை நாளை வாக்குக் கேட்டு வருவோரிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஒவ்வொரு பாடசாலை அபிவிருத்திச் சங்கமும், ஒவ்வொரு கமக்காரர் அமைப்பும் கூடித் தீர்மானம் நிறைவேற்றட்டும். தம் ஊருக்கு எந்தத் தொழிற்பாடம் வேண்டும், எத்தனை பிள்ளைகள் ஆயத்தம், எந்தப் பட்டறை இடம் தரும் என்று எழுதி வைக்கட்டும். மாகாண சபை கூடும் முதல் நாளிலேயே அந்தக் கட்டு மேசைமேல் இருக்க வேண்டும். தேர்தல் எப்பொழுது வரும் என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. அந்தக் கட்டை ஆயத்தமாக வைத்திருப்பது நம் கையிலேயே இருக்கிறது.