முணுமுணுப்பு அடங்கும்போது



பூனைகளின் பிறவி இதய நோயைப் பேச வண்ணாரப்பேட்டையில் கூடியிருக்கிறோம். காசிமேட்டு மீன் ஏலக்கூடத்திலிருந்து தண்டையார்பேட்டைக் குடியிருப்புகள் வரை பூனை நடமாடாத தெரு இங்கே அபூர்வம். 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் பக்கத்தில் வேப்பேரியில்தான் இருக்கிறது. ஆனாலும் இந்த நோயுள்ள குட்டிகளில் பல, வாயைத் திறந்து மூச்சு வாங்கும் நிலைக்கு வந்த பிறகே நம் மேசைக்கு வருகின்றன. இதயம் தளர்ந்த நாய் இருமிக் காட்டிக்கொடுக்கும். பூனை பெரும்பாலும் இருமாது. மூலையில் சுருண்டு கிடக்கும். வீட்டாரும் சாதுவான குட்டி என்று விட்டுவிடுவார்கள்.

ஆகவே முதல் தடுப்பூசிக்கு வரும் குட்டியை ஊசி போட்டதோடு அனுப்பிவிடாதீர்கள். ஸ்டெதாஸ்கோப்பை மார்பெலும்பின் இரு ஓரங்களிலும் மெல்ல நகர்த்திக் கேளுங்கள். குட்டி 'குர்ர்' என்று இழைத்துக்கொண்டிருந்தால் ஒன்றும் கேட்காது. பக்கத்துக் குழாயைத் திறந்துவிடுங்கள், அல்லது ஸ்பிரிட் தொட்ட பஞ்சை மூக்கருகே ஒரு கணம் காட்டுங்கள். பெரும்பாலும் நிறுத்திவிடும்.

இதயக் கீழறைகளின் நடுச்சுவரில் ஓட்டை, பூனைகளில் அதிகம் காணும் பிறவிக் குறைகளில் ஒன்று. குழாய் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் சீறுவதுபோல், சின்ன ஓட்டைதான் பெரிய ஓசை, அதாவது முணுமுணுப்பு, எழுப்பும். ஓட்டை பெரிதென்றால் நுரையீரலுக்கு மிகையாகப் பாயும் ரத்தம் அங்குள்ள தமனிகளைத் தடிக்க வைக்கும், அழுத்தம் ஏறும், இரு பக்கமும் சமமானால் ஓசை அடங்கிவிடும். சென்ற முறை கேட்ட முணுமுணுப்பு இப்போது இல்லையே, குணமாகிவிட்டது என்று எழுதுமுன் ஈறையும் நாக்கையும் பாருங்கள். தானாக மூடிக்கொள்ளும் சிறு ஓட்டைகளும் உண்டு. எக்கோதான் பிரித்துச் சொல்லும். நீலம் பாரித்திருந்தால் ரத்தம் திசை மாறியிருக்கலாம். விக்டர் ஐசன்மெங்கர் 1897இல் மனிதரிடம் விவரித்த அதே நிலை.

திசை மாறியபின் ஓட்டையை அடைக்கக் கூடாது. வலப்பக்க அழுத்தத்துக்கு அது ஒன்றே வடிகால். அந்த நிலையில் சில்டெனாஃபில் கைகொடுக்கும். கிலோவுக்கு 1 மி.கி. என்றாலும் 3 கிலோ பூனைக்கு 3 மி.கி.தான். கடையில் பெரும்பாலும் கிடைப்பதோ 25 மி.கி. மாத்திரை. மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு வரும் அம்மாவிடம் அதை எட்டாக உடைத்துக் கொடுங்கள் என்பது எனக்கு மனம் ஒப்பாத சிகிச்சை. துண்டுகள் ஒன்றுபோல் இருக்காது, பாதி தூளாகிவிடும். பூனைக்கேற்ற அளவில் திரவமாகக் கலந்து தர மருந்தாளுநர்களோடு ஓர் ஏற்பாடு இந்தக் கருத்தரங்கிலேயே தொடங்க வேண்டும்.

வீட்டாருக்கு இரண்டு சொல்லி அனுப்புங்கள். தூங்கும் பூனையின் மூச்சு நிமிடத்துக்கு 30ஐத் தாண்டி நீடித்தால் உடனே தூக்கி வரவேண்டும். பாராசிட்டமாலைத் தொடவே கூடாது. பூனைக்கு அது விஷம்.

முதல் கட்டுரையாளரை அழைக்குமுன் ஒரு வேண்டுகோள். கேட்ட முணுமுணுப்பின் இடம், தரம், தேதி மூன்றையும் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை அந்தப் பூனையைப் பார்ப்பவர் வேறொரு மருத்துவராக இருக்கலாம்.