பிள்ளை பார்ப்பதும் தொழில்தான்



தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஆயாக் கொட்டகையைப் பற்றிச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விடியுமுன் பிரட்டுக்குப் போகும் தாய், தூக்கம் கலையாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இருட்டில் நடந்து வருவாள். கொட்டகையின் உள்ளே வரிசையாகச் சேலை ஏணைகள் தொங்கும். ஆயாம்மா பிள்ளையை வாங்கிக்கொள்வார். தாய் வாளியும் கத்தியுமாக நிரைக்குப் போய்விடுவாள். ரப்பர் மரத்தில் பால் நன்றாக இறங்குவது குளிர்ந்த விடியற்காலையில்தான். வெயில் ஏறினால் பால் குறையும். ஆகவே மரத்துக்கு ஏற்றபடி தாய் எழுந்தாள்; தாய்க்கு ஏற்றபடி பிள்ளையும் எழுந்தது. நம்மில் பலர் அப்படி வளர்ந்தவர்கள்.

கொட்டகை இல்லாத இடங்களில் யார் பிள்ளையைப் பார்த்தார்கள்? வீட்டின் மூத்த பெண்தான். எட்டு வயது, பத்து வயதுப் பெண், தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு, பள்ளிக்கூடம் போகிறவர்களை வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கூலி கிடையாது. அவள் செய்ததை வேலை என்றும் யாரும் சொல்லவில்லை. "பெரியவள் சும்மாதான் வீட்டில் இருக்கிறாள்" என்றார்கள். இன்று நாம் பேச வந்த விஷயத்துக்கும் அந்தச் 'சும்மா' என்ற சொல்லுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்கிறது.

காலம் மாறிவிட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாயின. லயங்களில் இருந்த குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் வந்துவிட்டன. ஆனால் தாய் வேலைக்குப் போவது மாறவில்லை. தொழிற்சாலைக்கும், துப்புரவு வேலைக்கும், கடைக்கும் போகிறாள். பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. அடுத்த வீட்டில் எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் ஒரு பெண் இருக்கிறாள். "தங்கச்சி, நம்ம பாப்பாவைக் கொஞ்சம் பார்த்துக்கம்மா, ஏதாவது கொடுக்கிறேன்" என்று அக்கா கேட்கிறார். அந்த நிமிடமே ஒரு தொழில் தொடங்கிவிடுகிறது. தொடங்கியது இருவருக்கும் தெரிவதில்லை. அவ்வளவுதான்.

'ஏதாவது' என்ற அந்தச் சொல்லில்தான் பின்னால் வரும் மனத்தாங்கல் எல்லாம் அடங்கியிருக்கிறது. எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை? பால்மாவு யாருடையது? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் கிளினிக்குக்குத் தூக்கிப் போவது? சம்பளம் என்று கிடைக்கும்? ஒன்றும் பேசப்படவில்லை. இரண்டு மாதம் கழித்து, "சொந்தக்காரப் பெண் மாதிரி நினைத்தேன், இப்படிக் காசு கேட்கிறாளே" என்று ஒருபக்கம் வருத்தம். "விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை என்னிடம் விட்டுவிட்டு ஐம்பது வெள்ளியை நீட்டுகிறார்களே" என்று மறுபக்கம் கண்ணீர். இரண்டு வீட்டிலும் நல்லவர்கள்தான் இருக்கிறார்கள். முதலில் பேசாததுதான் தவறு.

பேசுவதற்கு வெட்கப்படத் தேவையில்லை. இப்படிக் கேட்கலாம்: "அக்கா, பாப்பாவைப் பார்த்துக்கிறேன். ஆனா நாலரை மணிக்கு மேலே எனக்கு வகுப்பு இருக்கு. அதுக்குள்ளே வந்துடணும். முடியாத நாள்ல முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லிடுங்க. அந்த நேரத்துக்குத் தனியா ஒரு தொகை வச்சுக்குவோம்." இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகத்தில் நேரம், தொகை, கொடுக்க வேண்டிய நாள் மூன்றையும் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. பணம் கொடுக்கும் நாளைத் தாயின் சம்பள நாளுக்கு மறுநாளாக வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பத்து நாள் தள்ளினால் அந்தப் பணம் மளிகைக் கடைக்குப் போய்விடும் என்பது நமக்குத் தெரியாதா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த, நான்கு வயதுக்கு உட்பட்ட நான்கு பிள்ளைகளையோ அதற்கு மேலோ கட்டணம் பெற்று ஓரிடத்தில் பார்த்துக்கொண்டால், அந்த இடம் குழந்தைப் பராமரிப்பு மையம் ஆகிவிடுகிறது. சமூக நல இலாகாவில் பதிவு செய்தாக வேண்டும். பத்துக்குக் குறைவாக இருந்தால் வீட்டிலேயே நடத்தும் மையமாகப் பதியலாம். ஆகவே புதிதாகத் தொடங்கும் தங்கைகளுக்கு நாம் சொல்வது: மூன்றோடு நிறுத்துங்கள். அந்த மூன்றிலும் ஒன்று மட்டும் கைக்குழந்தையாக இருக்கட்டும். பதிவு பெற்ற மையங்களில்கூட ஒரு வயதுக்கு உட்பட்ட மூன்று குழந்தைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் என்பதுதான் விதி. நாம் சொல்லும் காரணம் அதைவிட எளிது. அடுப்பில் தீப்பிடித்தால் இரண்டு கைகளில் இரண்டு பிள்ளைகளைத்தான் தூக்கிக்கொண்டு ஓட முடியும். மூன்றாவது பிள்ளை நடக்கத் தெரிந்ததாக இருக்க வேண்டும்.

இனி வருமானம். ஒரு பிள்ளைக்கு மாதம் 350 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். மூன்று பிள்ளைகளுக்கு 1,050 வெள்ளி. கஞ்சிக்கு அரிசி, கேஸ், சோப்பு, மின்சாரம் என்று 150 வெள்ளி போனால் கையில் நிற்பது 900. 2025ஆம் ஆண்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. இரண்டு பிள்ளைகளை விடும் தாய் அந்தச் சம்பளத்தில் 700 வெள்ளியை உங்களிடம் கொடுக்கிறாள் என்பதையும் மறக்கக் கூடாது. அவளால் அதற்கு மேல் முடியாது. ஆகவே இது ஒருவர் குடும்பம் நடத்தும் வருமானம் அல்ல. மேற்படிப்புக்குப் பணம் சேர்க்கும் வழி, அல்லது பிறகு ஒரு மையம் தொடங்கப் பழகிக்கொள்ளும் வழி. பெற்றோர்களிடம் ஒரு வார்த்தை. மகள் கையில் மாதம் 900 வெள்ளி வருகிறதே என்று அவள் விண்ணப்பப் பாரங்களை மடித்து வைத்துவிடாதீர்கள். அவள் பணம் அவள் பெயரிலேயே வங்கியில் இருக்கட்டும். சொந்தத் தொழில் செய்வோரும் ஊழியர் சேமநிதியில் தாமாகப் பணம் போடலாம். மாதம் 50 வெள்ளி போட்டாலும் நல்லதே.

பெண்பிள்ளைகளையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்களே என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். தம்பியை ஏணையில் ஆட்டித் தூங்க வைக்கும் அண்ணன்மார் நம் வீடுகளில் இல்லாமலில்லை. வீட்டில் மகனும் மகளும் இருந்து இந்தத் தொழில் தொடங்கினால், கஞ்சி காய்ச்சுவதும் துணி துவைப்பதும் அவனுக்கும் பங்குதான்.

முதல் பிள்ளை வருவதற்கு முந்தின நாள், வீட்டுத் தரையில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு வயதுப் பிள்ளையின் கண்ணுக்கு என்னென்ன எட்டும் என்பது அப்போதுதான் தெரியும். சுடுதண்ணீர் பிளாஸ்க், மேசை விரிப்பின் நுனி, மூலையில் கிடக்கும் நிலக்கடலை, குளியலறையில் பாதி நிரம்பிய வாளி. வாளித் தண்ணீர் நமக்கு முழங்காலுக்குக்கூட வராது. தலைகுப்புற விழுந்த பிள்ளைக்கு அது போதும். தோட்டத்துப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று உண்டு. புல்லுக்கு அடிக்கும் மருந்தை ஆரஞ்சுத் தண்ணீர் போத்தலில் ஊற்றி அடுப்படியில் வைக்கும் பழக்கம் பல உயிர்களைக் குடித்திருக்கிறது. பாராகுவாட் மருந்து 2020ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் மற்ற மருந்துகளும், ரப்பர் பாலை உறைய வைக்கும் அமிலமும் இன்னும் வீடுகளுக்கு வருகின்றன. அவை பூட்டிய பெட்டிக்குள், வீட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். மருந்தடித்த சட்டையோடு யாரும் பிள்ளையைத் தூக்கக் கூடாது.

பாட்டிமார் சொல்லும் எல்லாவற்றையும் நாம் தள்ளிவிடவில்லை. ஆனால் ஒரு வயது முடியாத குழந்தைக்கு நாக்கில் தேன் தடவுவதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அதிலுள்ள ஒருவகைக் கிருமி சிறு குழந்தையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. "டாக்டர் சொல்லியிருக்காங்க பாட்டி" என்று பணிவாகச் சொன்னால் போதும். சூடு பட்டுவிட்டால் கிச்சாப்பும் பற்பசையும் தடவக் கூடாது. குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டுக் கிளினிக்குக்குத் தூக்கிப் போக வேண்டும். கலக்கிய பால்மாவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள், தலையணை வேண்டாம். வாயைச் சுற்றியும் உள்ளங்கை, உள்ளங்காலிலும் கொப்புளம் கண்ட பிள்ளையை அன்றே வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ஒன்றுக்கு வந்தால் மூன்றுக்கும் வரும். தாய் கோபித்துக்கொள்ளலாம், மற்ற இரண்டு தாய்மாரையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றை வெளிப்படையாகப் பேசியாக வேண்டும். பெரும்பாலும் யாரும் இதைப் பேசுவதில்லை. சில நாட்களில் குழந்தை அழும். பால் கொடுத்தாலும் அழும், தோளில் போட்டாலும் அழும், ஒரு மணி நேரம் ஓயாமல் அழும். அப்போது கோபம் வரும். பெற்ற தாய்க்கே வரும்போது, பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு வராதா? கோபம் வந்ததால் நீங்கள் கெட்டவர் ஆகிவிடமாட்டீர்கள். ஆனால் அந்தக் கோபத்தில் குழந்தையைப் பிடித்து உலுக்கிவிடக் கூடாது. கைக்குழந்தையின் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் வலு இல்லை. சில நொடி உலுக்கினாலே மூளையில் இரத்தம் கசியலாம், பார்வை போகலாம், உயிரே போகலாம். கை நடுங்குகிறது என்று தெரிந்த உடனே, குழந்தையைத் தரையில் விரித்த மெத்தையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, வாசற்படிக்கு வாருங்கள். கதவு திறந்திருக்கட்டும். ஐந்து நிமிடம் குழந்தை அழுதால் ஒன்றும் ஆகிவிடாது. மூச்சை இழுத்து விடுங்கள். பக்கத்து வீட்டு அத்தையைக் கூப்பிடுங்கள். "முடியலை அத்தை, கொஞ்சம் பிடிங்க" என்று சொல்வது தோல்வி ஆகாது. அப்படி அழைக்கக்கூடிய ஒரு பெரியவர் கூப்பிடு தூரத்தில் இல்லையென்றால், தொழிலைத் தொடங்கவே வேண்டாம் என்பது எங்கள் எண்ணம்.

குளிப்பாட்டும்போது பிள்ளையின் உடம்பில் பிரம்புத் தழும்போ, தீ சுட்ட வடுவோ தெரிந்தால் என்ன செய்வது? அடுத்த வீட்டுச் சங்கதி என்று பேசாமல் இருந்துவிடத் தோன்றும். 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம், கூலி பெற்று ஒரே ஒரு பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரைக்கூடப் பராமரிப்பாளர் என்றுதான் கருதுகிறது. பிள்ளை கொடுமைக்கு ஆளாகிறது என்று நம்பக் காரணம் இருந்தால், சமூக நல அதிகாரியிடம் தெரிவிப்பது அவருடைய கடமை. தாலியான் காசே 15999 என்ற எண்ணை இரவு பகல் எந்த நேரத்திலும் அழைக்கலாம். இது கஷ்டமான காரியம். பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆயாம்மாவுக்குக் கொட்டகை இருந்தது, தோட்டம் சம்பளம் கொடுத்தது. உங்களுக்கு அது இல்லை. ஆகவே அந்த நோட்டுப் புத்தகம்தான் உங்கள் கொட்டகை. முதல் பக்கத்தில் பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, ஒத்துக்கொள்ளாத உணவு, தாயும் தகப்பனும் வேலை செய்யும் இடத்தின் தொலைபேசி எண், அருகிலுள்ள கிளினிக், அவசர எண் 999. அதன் கீழே, பிள்ளையை அழைத்துப்போக யார் யார் வரலாம் என்பதையும் எழுதுங்கள். பெயர் இல்லாதவர் வந்தால், அவர் சித்தப்பாவாகவே இருந்தாலும், தாயைத் தொலைபேசியில் கேட்காமல் பிள்ளையைக் கொடுக்காதீர்கள். முதல் வாரம் ஒரே ஒரு பிள்ளையை, அரை நாள் மட்டும் வைத்துப் பாருங்கள். வாரக் கடைசியில் அக்காவோடு உட்கார்ந்து, இருவருக்கும் ஒத்துவருகிறதா என்று பேசுங்கள். இரண்டாவது பிள்ளையைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.