புகை போக வழி வேணும்



கேஸ் வந்த பிறகும் வெந்நீர் வைக்க, நெல் அவிக்க விறகு அடுப்பைத்தான் பல வீட்டில் பத்த வைக்கிறோம். கண் எரியுது, இருமல் வருது. "அடுப்புன்னா புகையத்தான் செய்யும்"னு விட்டுடுறோம்.

மேல்நாட்டிலும் முன்னே இதே கதைதான். குளிருக்காக வீட்டுக்குள்ளே சுவரை ஒட்டி நெருப்பு மூட்டுவாங்க. மேலே பெரிய புகைக்கூண்டு இருந்தும் புகை அறைக்குள்ளேயே திரும்பும்.

அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் இதற்கு இரும்பு அடுப்பு செய்து, 1744-ல் அதை விளக்கிப் புத்தகமும் போட்டார். காப்புரிமை தர வந்தும் வேண்டாம்னுட்டார். ஆனா அதிலே புகை கீழே இறங்கித்தான் மேலே போகணும். கூண்டு ஆறிப்போனா புகை திரும்பிடும்.

லண்டனில் ரம்ஃபோர்டு பிரபு 1796-ல் வேறு வழி சொன்னார். பழைய கூண்டிலேயே புகை நுழையும் தொண்டையை 4 அங்குலமாகக் குறுக்கினார். தொண்டை அகலமா இருந்தா அறையின் குளிர்காற்றும் கூடவே ஏறி, புகையை ஆறவைக்கும். குறுகினா சூட்டோடு வேகமா ஏறும். கொத்தனாரும் கொஞ்சம் செங்கல்லும் போதும்!

அதுக்காக நம்ம அடுப்புக் குழாயைக் குறுக்கிடாதீங்க. அவங்க கூண்டு சிறுவன் உள்ளே ஏறிச் சுத்தம் பண்ணும் அளவு அகலம். நம்ம குழாயில் கரி அடைச்சிருக்கா, கூரைக்கு மேலே நிக்குதான்னு பாருங்க.

புகை நம்ம தலையெழுத்து இல்லை, வழியில் உள்ள குறை. குழாய் இல்லாத வீடுகளை அடுத்த கூட்டத்தில் கணக்கெடுத்து, தீர்மான நோட்டில் எழுதுவோம்.