அசையும் சதுரம், அசையாத முக்கோணம்



தொடக்கப்பள்ளியிலேயே பாடம் சொல்லி ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியரின் நினைவாக ஓர் அறக்கட்டளை நடத்தும் சொற்பொழிவு இது. ஆகவே ஆய்வகத்தின் வாசலையே பார்த்திராத ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இவர்களைவிடச் சற்று மூத்த பிள்ளைகளிடம் நடந்த ஒரு முயற்சியிலிருந்து தொடங்குகிறேன். 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கல்வித் திட்டம் தொடங்கியது. மாணவர்கள் நாலு நாலு பேராக உட்கார்ந்து சோதனைகளைத் தாங்களே செய்தார்கள். கண்டதை எழுதினார்கள், தங்களுக்குள் வாதிட்டார்கள். ஐஐடி கான்பூரில் படித்து, புணேயில் டெல்கோ நிறுவனத்தில் வேலை பார்த்துவந்த அரவிந்த் குப்தா 1978-இல் விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே போனார். ஊர்ச் சந்தையில் கிடைக்கிற சாமான்களைக் கொண்டு அவர் செய்யத் தொடங்கிய அறிவியல் விளையாட்டுப் பொருள்கள் இன்று உலகறிந்தவை. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

அந்த விளையாட்டுப் பொருள்களுள் ஒன்றை மட்டும் இங்கே செய்து பார்ப்போம். தீக்குச்சிகளை எடுத்து மருந்தைச் சுரண்டிவிடுங்கள். சைக்கிள் வால்வு டியூபை ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்குங்கள். ஒரு துண்டின் இரு முனையிலும் ஒவ்வொரு குச்சியைச் செருகினால் அதுவே மூட்டு. மூன்று குச்சியும் மூன்று மூட்டும் சேர்ந்தால் முக்கோணம். விரலால் அழுத்திப் பாருங்கள், அசையாது. நான்கு குச்சியில் சதுரம் செய்து தொட்டாலோ, உடனே சாய்சதுரமாகிவிடுகிறது.

இந்த இடத்தில் ஆசிரியர் வாயைத் திறக்கக் கூடாது. சதுரத்தை நிமிர்ந்து நிற்கவைக்கப் பிள்ளைகள் என்னவெல்லாமோ செய்வார்கள். யாராவது ஒருவருக்குக் குறுக்கே ஒரு குச்சி கொடுக்கத் தோன்றும். மூட்டின் நடுவில் கருவேல முள்ளால் துளை போட்டு, சீவிய குச்சியைச் செருகப் பார்ப்பார்கள். தீக்குச்சி எட்டாது. விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்து அளவு பார்ப்பார்கள். பக்கம் 5 சென்டிமீட்டர் என்றால் குறுக்குக்கு 7-க்குச் சற்று மேல் வேண்டியிருக்கிறது. பக்கம் 10 என்றால் 14-க்குச் சற்று மேல். பித்தாகரஸ் பெயரைக் கேட்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்தக் கணக்கு பிள்ளையின் விரலுக்குத் தெரிந்துவிடுகிறது.

அதே சதுரத்தை மெல்ல மெல்ல அமுக்கிக்கொண்டே போகச் சொல்லுங்கள். குச்சிகள் அதே நான்குதான், சுற்றளவு மாறவில்லை. உள்ளே இருக்கும் இடமோ குறைந்து குறைந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போகிறது. சுற்றளவையும் பரப்பளவையும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. பள்ளி விட்டு வீட்டுக்குப் போகும் வழியில் மின்கோபுரத்தையும் ரயில் பாலத்தையும் பார்த்தால், அங்கே குறுக்குக் கம்பிகள் ஏன் இருக்கின்றன என்று அந்தப் பிள்ளை தானாகவே சொல்லும்.

நம் பள்ளிகளில் செயல்பாடு இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் பின்னர் மாநிலமெங்கும் போனது. 2022-இல் வந்த வானவில் மன்றம் என்னும் அரசுத் திட்டம் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை சோதனைகளைக் கொண்டுசேர்க்கிறது. என் வருத்தம் வேறு. பல வகுப்பறைகளில் ஆசிரியர் மேசையில் செய்து காட்டுகிறார், நாற்பது பிள்ளைகள் கைகட்டிப் பார்க்கிறார்கள். அல்லது முக்கோணம் உறுதியானது என்று முதலில் எழுதிப்போட்டுவிட்டு, பிறகு குச்சியைக் கையில் கொடுக்கிறோம். விடை தெரிந்தபின் கைக்கு என்ன வேலை?

ஹோஷங்காபாத்காரர்கள் தேர்வையும் சேர்த்தே மாற்றினார்கள். புத்தகத்தைத் திறந்துவைத்து எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு. மனப்பாடத்துக்கே மதிப்பெண் என்றிருந்தால் சோதனை நீடிக்காது என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. அந்தத் திட்டத்தை 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. முப்பதாண்டு உழைப்பு அப்படி முடிந்தது பெரும் இழப்பென்றே கருதுகிறேன்.

ஆகவே இங்கே வந்திருக்கும் தலைமையாசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். வாரத்தில் ஒரு பிற்பகலைப் பிள்ளைகளின் கைக்கு விடுங்கள். பருவத் தேர்வில் ஒரு கேள்வியாவது அவர்கள் செய்து விடை காண்பதாக இருக்கட்டும். அறக்கட்டளையினர் இவ்வாண்டுப் பரிசுக் கேடயத்துக்கு ஒதுக்கிய பணத்தில் இவ்வூர்த் தொடக்கப்பள்ளிகளுக்குத் தீப்பெட்டியும் வால்வு டியூபும் வாங்கிக் கொடுக்க வேண்டும்.