நீளம் குறைந்த ஓடுபாதைகள்



விமானப் பயணம் செய்து வீடு திரும்பியவர்கள் மறக்காமல் சொல்லும் செய்தி, விமானம் எப்படித் தரையிறங்கியது என்பதாகும். பூப்போல இறங்கினால் விமானி கெட்டிக்காரர். 'தடால்' என்று இறங்கினால் அவருக்கு வேலை தெரியவில்லை. நாமெல்லாரும் இப்படித்தான் தீர்ப்புச் சொல்லி வருகிறோம். ஆனால் சில விமான நிலையங்களில் இந்தத் தீர்ப்பைத் தலைகீழாக மாற்ற வேண்டியிருக்கிறது. அங்கே பூப்போல இறங்க ஆசைப்படும் விமானிதான் நம்மை ஆபத்தில் விடுகிறார். ஓடுபாதையின் நீளம் குறைந்த அத்தகைய நிலையங்களில் பெரிய விமானங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை இன்று பார்ப்போம்.

சிங்கப்பூர் சாங்கி நிலையத்தின் ஓடுபாதை 4,000 மீட்டர் நீளமுள்ளது. கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்திலும் ஏறக்குறைய அதே அளவுதான். லண்டன் மாநகரின் பழைய கப்பல்துறைப் பகுதியில் 1987-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட லண்டன் சிட்டி விமான நிலையத்திலோ இருப்பது 1,508 மீட்டர். பிரேசில் நாட்டின் ரியோ டி ஜெனிரோ நகரிலுள்ள சாண்டோஸ் டூமோன்ட் நிலையத்தில் இன்னும் குறைவு. அங்கே 1,323 மீட்டர்தான். அதன் இரு முனைகளுக்கும் அப்பால் கடல்நீர். சரவாக்கின் பாரியோ மேட்டுநிலம் போன்ற இடங்களுக்கென்றே செய்தது போன்ற, பத்தொன்பது பேர் அமரும் டுவின் ஓட்டர் விமானத்துக்கு இந்த நீளம் தாராளம். நூறு பேருக்கு மேல் ஏற்றும் ஜெட் விமானத்துக்குத்தான் கணக்கு இறுகிப் போகிறது.

கணக்கு என்ன? தரையிறங்க வரும் ஜெட் விமானம் மணிக்கு ஏறத்தாழ 250 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. அதாவது ஒரு விநாடிக்குச் சுமார் 70 மீட்டர். விமானி மெல்ல இறங்க எண்ணி, மூக்கைத் தூக்கிப் பிடித்துத் தரைக்கு மேலே ஐந்து விநாடி மிதக்க விட்டார் என்று வைத்துக்கொள்வோம். 350 மீட்டர் வீணாகிறது. சாங்கியில் இது பெரிய இழப்பன்று. லண்டன் சிட்டியில் கிட்டத்தட்டக் கால் பங்கு ஓடுபாதை போய்விட்டது! ஆகவே அங்கே விமானி குறித்த இடத்தில் சக்கரங்களை அழுத்தமாக ஊன்றுகிறார். மழை நாளில் இதற்கு இன்னொரு பயனும் உண்டு. மெதுவாகத் தொட்டால் சக்கரம் நீர்ப்படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டே போகலாம். அழுத்தமாக ஊன்றும்போது அந்தப் படலம் உடைந்து, சக்கரம் தரையைப் பற்றுகிறது.

வேகத்தையும் கவனிக்க வேண்டும். வேகம் பத்து விழுக்காடு கூடினால், நிறுத்துவதற்கு அடக்க வேண்டிய ஆற்றல் 21 விழுக்காடு கூடிவிடும். 2006-ஆம் ஆண்டில் சாண்டோஸ் டூமோன்ட் போன்ற நிலையங்களுக்காக போயிங் நிறுவனம் தன் 737 விமானத்தில் மாற்றங்கள் செய்தபோது, இன்னும் சற்றுக் குறைந்த வேகத்தில் இறங்கி வர வழி செய்ததும் இதனால்தான்.

சக்கரம் தரையைத் தொட்டவுடன் இறக்கையின் மேற்பரப்பிலுள்ள பலகைகள் எழுந்து நிற்பதைச் சன்னலோரத்தில் அமர்ந்தவர்கள் பார்த்திருப்பார்கள். இவற்றுக்கு ஸ்பாய்லர் என்று பெயர். காற்றைத் தடுப்பது இவற்றின் சிறிய வேலை. இறக்கையின் தூக்கும் சக்தியைக் கெடுத்து, விமானத்தின் முழுப் பாரத்தையும் சக்கரங்களின் மேல் இறக்குவதே பெரிய வேலை. பாரம் இறங்காத சக்கரத்தில் பிரேக் எவ்வளவு அழுத்தினாலும் பிடிக்காது.

பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில், காங்கோன்யாஸ் நிலையத்தில், 2007 ஜூலை 17-ஆம் நாள் நிகழ்ந்ததை நினைத்தால் இது விளங்கும். ஓடுபாதை 1,940 மீட்டர். மழை பெய்திருந்தது. புதிதாகப் போட்ட மேற்பரப்பில் நீர் வடியும் கோடுகள் இன்னும் வெட்டப்படவில்லை. இறங்கிய ஏர்பஸ் 320 விமானத்தில் ஓர் இஞ்சினின் எதிர் உந்தல் கருவி முன்பே செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது. அந்த இஞ்சினின் நெம்புகோல் முழுவதும் கீழே இழுக்கப்படாததால், விமானம் இன்னும் பறக்கவே எண்ணுகிறது என்று கருவிகள் கருதின. ஸ்பாய்லர்கள் எழவில்லை. விமானம் சாலையைத் தாண்டிக் கட்டடத்தில் மோதியது. 199 பேர் மாண்டனர். ஓடுபாதை நீளமாக இருந்திருந்தால் தவறைத் திருத்த நேரம் கிடைத்திருக்கலாம். நீளம் குறைவு என்பது தவறுக்கு இடம் குறைவு என்பதுதான்.

இதற்காகவே விதிகள் தாராளமாக எழுதப்பட்டிருக்கின்றன. இறங்குவதற்கு 1,500 மீட்டர் இருக்கிறதென்றால், காய்ந்த தரையில் 900 மீட்டருக்குள் நிற்கக்கூடிய எடையோடுதான் ஜெட் விமானம் புறப்பட்டு வர வேண்டும். அதாவது அறுபது விழுக்காடு. ஓடுபாதை நனைந்திருக்கும் என்று தெரிந்தால் இன்னும் பதினைந்து விழுக்காடு நீளம் கூடுதலாக வேண்டும்.

முன்னதாகவே தொட்டுவிட்டால் நல்லதுதானே என்று கேட்கத் தோன்றும். அதற்குச் சிங்கப்பூரிலேயே பதில் இருக்கிறது. 1954 மார்ச் 13-ஆம் நாள், பழைய காலாங் விமான நிலையத்தில் இறங்க வந்த கான்ஸ்டலேஷன் விமானம் ஓடுபாதையை எட்டுமுன் கடற்சுவரில் சக்கரம் இடித்து நொறுங்கியது. பயணிகள் 31 பேரும், ஊழியர் இருவரும் மாண்டனர். இரு பக்கமும் விளிம்புதான். நடுவிலே சில நூறு மீட்டர்தான் விமானிக்குச் சொந்தம். அந்த இடம் தவறிவிட்டால், வெட்கப்படாமல் இஞ்சின்களை முடுக்கி மேலே ஏறி, மீண்டும் சுற்றி வர வேண்டும். அப்படிச் சுற்றி வரும் விமானத்தில் உட்கார்ந்துகொண்டு நாம் முணுமுணுப்பது நியாயமன்று.

இனி, புறப்படுவதைப் பார்ப்போம். ஓடத் தொடங்கிய விமானத்தில் ஓர் இஞ்சின் நின்றுபோனால், ஒரு குறிப்பிட்ட வேகம் வரைதான் விமானி பிரேக் போட்டு நிறுத்தலாம். அதைத் தாண்டினால் மிச்சமுள்ள இஞ்சினோடு பறந்தே ஆக வேண்டும். இந்த இரண்டும் அதே ஓடுபாதையில் இயலுமாறு எடையைக் கணக்கிடுகிறார்கள். வெயில் கடுமையானால் காற்று லேசாகும். ஏற்றும் எடை இன்னும் குறையும். குறைக்கக் கூடியவை மூன்றே: எரிபொருள், பெட்டிகள், பயணிகள். "என் பெட்டியை விட்டுவிட்டு வந்துவிட்டார்களே" என்ற குறை சில சமயம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

இதற்கு அழகான உதாரணம் ஒன்று உண்டு. 2009 முதல் 2020 வரை பிரிட்டிஷ் ஏர்வேஸ், லண்டன் சிட்டியிலிருந்து நியூயார்க்குக்கு ஏர்பஸ் 318 விமானத்தை விட்டது. நூறு பேருக்கு மேல் அமரக்கூடிய விமானம். போட்ட இருக்கைகளோ 32 மட்டும். அப்படியும் அட்லாண்டிக் கடலைக் கடக்கும் எரிபொருளோடு அந்த ஓடுபாதையிலிருந்து எழ முடியாது. ஆகவே அயர்லாந்தின் ஷேனன் நிலையத்தில், மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள ஓடுபாதையில் இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு போனது. அந்த நேரத்தில் பயணிகளுக்கு அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையும் முடிந்துவிடும். திரும்பும்போது நேராகவே லண்டன் வந்தது. ஒரு காலத்தில் ஒலியை முந்திப் பறந்த கான்கார்டு விமானத்தின் பயண எண்ணைத்தான் வழியில் நின்று எண்ணெய் போட்ட இந்த விமானத்துக்குக் கொடுத்தார்கள் என்பது வேடிக்கை.

லண்டன் சிட்டிக்கு இறங்கி வரும் பாதையும் செங்குத்தானது. மற்ற இடங்களில் சாய்வு 3 பாகை, அங்கே 5.5 பாகை. உயர்ந்த கட்டடங்களும் இரைச்சலும் காரணம். இதற்கெனத் தனி அனுமதி பெற்ற விமானங்களும், தனிப் பயிற்சி பெற்ற விமானிகளும்தான் அங்கே வரலாம்.

இவ்வளவும் செய்த பிறகும் விமானம் முனையைத் தாண்டினால்? அமெரிக்காவின் சிக்காகோ மிட்வே நிலையத்தைச் சுற்றி வீடுகளும் சாலைகளுமே இருக்கின்றன. 2005 டிசம்பர் 8-ஆம் நாள், பனி கொட்டிய இரவில் போயிங் 737 ஒன்று வேலியை உடைத்துக்கொண்டு சாலைக்கு வந்தது. விமானத்தில் இருந்தவர்கள் பிழைத்தனர். சாலையில் போன காரிலிருந்த ஆறு வயதுச் சிறுவன் இறந்தான். ஓடுபாதையை நீட்ட இடமில்லாத இத்தகைய நிலையங்களுக்கென்று, பாரம் ஏறினால் நொறுங்கும் லேசான கான்கிரீட் படுகை உருவாக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் அதில் புதைந்து, மணலில் சிக்கிய மாட்டு வண்டிபோல விமானம் நின்றுவிடும். 1999-ஆம் ஆண்டில் நியூயார்க் கென்னடி நிலையத்தில் 30 பேரோடு ஓடுபாதையைத் தாண்டிய சாப் 340 விமானத்தை இந்தப் படுகைதான் தடுத்து நிறுத்தியது. மிட்வே நிலையத்தில் அது போடப்பட்டது அந்தச் சிறுவன் இறந்த பிறகு.