பூனைக்குப் பத்தியம்



வீட்டில் யாருக்காவது வயிறு சரியில்லை என்றால் நாம் முதலில் என்ன செய்கிறோம்? மீன், கறி, முட்டை எல்லாவற்றையும் ஒதுக்கிவைக்கிறோம். கஞ்சி, ரசம் சாதம், மோர் சாதம், இட்லி என்று இறங்கிவிடுகிறோம். நம் ஊரில் பத்தியம் என்றாலே அசைவத்தை நிறுத்துவதுதான். அந்தப் பழக்கத்தில் வீட்டுப் பூனைக்கும் அதையே செய்கிறோம். நேற்றுவரை மீன் தலையை இழுத்துக்கொண்டு ஓடிய பூனை இன்று இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டது, கழிச்சலும் போகிறது என்றால், “பாவம், வாயில்லா ஜீவன், நாலு நாளைக்குப் பால் சோறு போடு, தயிர் சோறு போடு” என்று பெரியவர்கள் சொல்வார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் பூனையின் உடம்புக்கு அது நேர் எதிரான வைத்தியம். பூனைக்குப் பத்தியச் சாப்பாடே கறிதான். உப்பு, எண்ணெய், மசாலா எதுவும் படாமல் தண்ணீரில் வெந்த வெறும் கறி.

பூனை பிறவி ஊனுண்ணி. நாய் அப்படியல்ல, மனிதனோடு சோறு தின்று பழகிய நாயின் வயிறு சோற்றையும் ஓரளவு ஏற்றுக்கொள்ளும். பூனையின் எச்சிலில் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதியே கிடையாது, கணையத்தில் சுரப்பதும் குறைவு. இன்னொரு விஷயமும் இருக்கிறது. நாம் பட்டினி கிடந்தால் போகப்போக நம் ஈரல் புரதத்தை எரிப்பதைக் குறைத்துக்கொண்டு சிக்கனமாகிவிடும். பூனையின் ஈரலுக்கு அந்தச் சிக்கனம் தெரியாது. சாப்பாட்டில் புரதம் வரவில்லை என்றால் தன் தசையைக் கரைத்து எரிக்கத் தொடங்கிவிடும். ஆக, மூன்று நாள் கஞ்சித் தண்ணீரில் வைத்த பூனை மூன்று நாளும் தன்னையே தின்றுகொண்டிருந்தது என்றுதான் அர்த்தம்.

பால் விஷயம் பலருக்கு நம்ப முடியாதது. குட்டியாக இருக்கும்போது பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் திறன் பூனைக்கு உண்டு. வளர வளர அது குறைந்துவிடும். ஏற்கெனவே கழிச்சல் போகும் பூனைக்குப் பால் வைத்தால் கழிச்சல் கூடத்தான் செய்யும். ஆசையாகக் குடிக்கிறதே என்றால், அது கொழுப்பின் ருசிக்காகக் குடிக்கிறது. இனிப்பு அதற்குத் தெரியவே தெரியாது. அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவிலுள்ள மோனெல் ஆய்வு மையத்தார் 2005-ல் இதற்கான காரணத்தைக் கண்டார்கள்: இனிப்பை உணர நாக்குக்குத் தேவையான ஒரு மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதாகிக் கிடக்கிறது. எனவே சோர்ந்து படுத்திருக்கும் பூனைக்குக் குளுக்கோஸ் கலக்கி ஊட்டுகிறவர்களும் அதைக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம்.

சமையலுக்குப் போகுமுன், எந்தப் பூனைக்கு இந்த வீட்டுப் பத்தியம் பொருந்தாது என்று சொல்லிவிடுகிறேன்; இதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. ஒருநாளில் ஓரிரு முறை வாந்தி எடுத்துவிட்டு, மற்றபடி சுறுசுறுப்பாக வளையவரும் வளர்ந்த பூனைக்குத்தான் வீட்டுச் சாப்பாட்டு வைத்தியம். குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியாகிறது, மலத்தில் ரத்தம் இருக்கிறது, ஈறு வெளுத்துவிட்டது அல்லது மஞ்சளாகிவிட்டது, மூலையில் போய்ப் பதுங்கிக் கூப்பிட்டாலும் வரவில்லை என்றால் அடுப்பைப் பற்றவைக்காதீர்கள், மருத்துவரிடம் போங்கள். தடுப்பூசி போடாத குட்டிக்கு வாந்தியும் கழிச்சலும் சேர்ந்து வந்தால் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். அதில் சில மணி நேரம்கூட முக்கியம்.

ஆண் பூனை மணல் தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்து முக்குகிறது என்றால் பலர் மலச்சிக்கல் என்று நினைத்துப் பால் கொடுப்பார்கள், விளக்கெண்ணெய் கொடுப்பார்கள். பெரும்பாலும் அது சிறுநீர் அடைப்பு. ஓரிரு நாள் விட்டாலே உயிர் போய்விடும். பூக்கட்டும் நூல் இன்னொன்று. மல்லிகைச் சரத்தில் விளையாடுகிற பூனை நூலை விழுங்கிவிடும். நூலின் ஒரு முனை நாக்கடியில் சிக்கிக்கொள்ள மறுமுனை குடலுக்குள் போய்க் குடலைச் சுருக்குப்பை போல இழுத்து மடித்துவிடும். வாயிலோ ஆசன வாயிலோ நூல் தெரிந்தால் பிடித்து இழுக்கவே கூடாது. குடல் அறுந்துபோகும்.

மாத்திரை விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன். உடம்பு சுடுகிறதே என்று பாராசிட்டமாலை உடைத்துப் பூனைக்குக் கொடுக்காதீர்கள். அந்த மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் சரியாக இல்லை. நாம் சாதாரணமாகப் போட்டுக்கொள்ளும் 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே ஒரு பூனையைக் கொன்றுவிடலாம். பேதியை நிறுத்த நாம் போடும் மாத்திரைகளும் வேண்டாம். நம்மைவிட பூனைக்கு இயல்பான உடல் வெப்பமே அதிகம், 38-லிருந்து 39 டிகிரி செல்சியஸ்வரை. தொட்டால் சுடத்தான் செய்யும்.

சரி, அடுப்படிக்கு வருவோம்.

கோழிக்கடையில் நெஞ்சுக்கறி கால் கிலோ, தோலும் எலும்பும் இல்லாமல் கேளுங்கள். சில கடைகளில் கோழியை வாட்டி மஞ்சள் தடவி வைத்திருப்பார்கள். அப்படியென்றால் நன்றாகக் கழுவ வேண்டும். வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும் கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டு, கட்டைவிரல் அளவுத் துண்டாக்குங்கள். குழம்பு வைக்கிற சட்டி வேண்டாம், பால் காய்ச்சும் சின்னப் பாத்திரம் போதும். கறி மூழ்கி ஒரு விரற்கடை மேலே நிற்கிற அளவு தண்ணீர். உப்பு வேண்டாம், மஞ்சள்தூள் வேண்டாம். இங்கேதான் நம் கைப்பழக்கம் குறுக்கே வரும். கறி என்றால் ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு பல் பூண்டு என்று கை தானாக அஞ்சறைப் பெட்டிக்குப் போகும். பூண்டும் வெங்காயமும் பூனைக்கு விஷம். பச்சையானாலும் வெந்ததானாலும், பெரிய வெங்காயமானாலும் சின்ன வெங்காயமானாலும் ஒன்றுதான். ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கடையில் விற்கும் சூப் பவுடரிலும் கறிச்சாறுக் கட்டியிலும் பெரும்பாலும் வெங்காயப் பொடி இருக்கும். அதனால் அவையும் கூடாது.

கொதி வந்ததும் மேலே சாம்பல் நிற நுரை ஏறும். அதைக் கரண்டியால் வழித்துவிட்டுத் தீயைக் குறைத்து மூடிவையுங்கள். கால் மணி நேரத்தில் வெந்துவிடும். ஒரு துண்டை எடுத்துப் பிய்த்துப் பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்பு துளியும் இல்லாமல் வெள்ளையாக, நார் நாராகப் பிரிய வேண்டும். குக்கரில் வைத்தால் கறி குழைந்துவிடும் என்பதைத் தவிர வேறு தோஷமில்லை. ஆறியதும் விரலாலேயே பிய்த்து உதிர்க்கலாம். மிக்ஸியில் அடிக்கிறவர்கள் ஜாரை முகர்ந்து பார்த்துவிட்டு அடியுங்கள். காலையில் அரைத்த இஞ்சி பூண்டு விழுது பிளேடுக்கு அடியில் ஒளிந்திருக்கும்.

வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். கறியிலுள்ள டாரின் என்கிற சத்து தண்ணீரில் கரையக்கூடியது. வேகும்போது ஒரு பங்கு அந்தச் சாற்றுக்குத்தான் இறங்கியிருக்கும். சாறு ஆறியதும் மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு, உதிர்த்த கறியில் இரண்டு கரண்டி ஊற்றிப் பிசையுங்கள். கழிச்சலில் இழந்த நீரும் திரும்பக் கிடைக்கும், வாசனையும் தூக்கும். பூனை சாப்பாட்டை மூக்கால்தான் தேர்ந்தெடுக்கிறது. சளி பிடித்து மூக்கடைத்த பூனை பசித்தாலும் சாப்பிடாது. ஈரத்துணியால் மூக்கைத் துடைத்துவிட்டு, உள்ளங்கைச் சூட்டில் சாப்பாட்டை வைத்துப் பாருங்கள். திரும்பிப் படுத்தது எழுந்து வரும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்தால் முகர்ந்துவிட்டுப் போய்விடும்.

சோறு சேர்க்கலாமா என்றால், கட்டாயமில்லை. சோறு தின்று வளர்ந்த பூனை என்றால் குழைய வெந்த சாதம் ஒரு கரண்டிக்குக் கறி மூன்று கரண்டி என்ற கணக்கில் பிசையலாம். அந்தக் கணக்குத் தலைகீழாகப் போகக்கூடாது. மலம் கட்டுவதற்கு வேகவைத்த பரங்கிக்காய் விழுது ஒரு சின்ன ஸ்பூன் போதும். கோழி ஒத்துக்கொள்ளாத பூனைக்கு முள் எடுத்த வெள்ளைச் சதை மீனை அவித்துக் கொடுக்கலாம். பச்சை மீன் வேண்டாம்; சில மீன்களின் பச்சைச் சதை பி1 உயிர்ச்சத்தை அழித்துவிடும். கருவாடு கூடவே கூடாது, அத்தனையும் உப்பு.

சைவ வீடுகளில் வளரும் பூனைகளின் பாடு தனி. கறி அடுப்பில் ஏறாத வீடு என்றால், மருந்துக்கடைகளிலும் செல்லப்பிராணிக் கடைகளிலும் வயிற்றுக் கோளாறுக்கென்றே டின்னிலும் பாக்கெட்டிலும் உணவு கிடைக்கிறது; மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள். அதுவரை, முட்டை நுழையும் வீடானால் அவித்த முட்டை கொஞ்சம் கொடுக்கலாம். இல்லையென்றால் பக்கத்து வீட்டு அடுப்பில் கால் கிலோ கறியை அவித்துத் தரச் சொல்லிக் கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை. பூனையோடு வாழ்கிறவர்கள் அதன் வயிற்றோடும்தானே வாழ வேண்டும்.

எவ்வளவு கொடுப்பது? நாலு கிலோ எடையுள்ள பூனை ஓய்வாக இருக்க ஒரு நாளைக்குச் சுமார் 200 கலோரி வேண்டும். தோலில்லாமல் அவித்த நெஞ்சுக்கறியில் ஏறக்குறைய 130 கிராம். நீங்கள் வாங்கிய கால் கிலோ வெந்து வடிந்தபின் 175 கிராம்போல் நிற்கும், ஒரு நாளைக்கும் கொஞ்சம் மேலேயே வரும். ஆனால் முதல் நாளே அத்தனையும் வைத்துவிடாதீர்கள். ஒரு தேக்கரண்டி வைத்துவிட்டு இரண்டு மணி நேரம் பாருங்கள். தங்கினால் இன்னொன்று. முதல் நாள் பாதி வயிறு போதும். ஐந்தாறு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். மிச்சத்தை மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் தட்டில் மீந்தது அரை மணி நேரத்துக்குமேல் கிடக்க வேண்டாம்.

வாயைத் திறந்து திணிக்காதீர்கள். மூச்சுக்குழாயில் போய்விடும் என்பது ஒரு பயம். இன்னொன்று, குமட்டும்போது வாயில் அடைக்கப்பட்ட சாப்பாட்டைப் பூனை மறக்காது. குணமான பிறகும் அந்த வாசனையைக் கண்டால் ஓடும். மாத்திரையைக் கறியில் ஒளித்துவைப்பதும் அதே வினைதான். ஒரு முறை கசந்துவிட்டால் கறியையே சந்தேகப்படும். விரல் நுனியில் துளி சாறு எடுத்து உதட்டோரம் தடவுங்கள். நக்கினால் நல்லது. நக்கவில்லை, ஒரு முழு நாளாக எதுவுமே சாப்பிடவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது, அதுவும் குண்டுப் பூனையானால். இரண்டு மூன்று நாள் பட்டினியில் உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் கரைந்து ஈரலில் வந்து குவிந்துவிடும், ஈரல் செயலிழக்கும். “லங்கணம் பரம ஔஷதம்” என்று நமக்குச் சொல்வார்கள். பூனைக்கு அது செல்லாது. கழிச்சலைவிட, சாப்பிடாமல் இருப்பதுதான் அதற்குப் பெரிய நோய்.

பிடரித் தோலைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து விட்டுப் பாருங்கள். உடனே படிந்தால் உடம்பில் நீர் இருக்கிறது. கூடாரம்போல நின்று மெல்ல இறங்கினால், ஈறும் பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால், வாய்வழித் தண்ணீர் போதாது, டிரிப் ஏற்ற வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 1903-ல் தொடங்கிய கல்லூரி அது. வெளியூர்களில் அரசுக் கால்நடை மருந்தகம் மாட்டுக்கும் ஆட்டுக்கும் மட்டும்தான் என்று நினைத்துப் பூனையைத் தூக்கிப்போகத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். துணிப்பையில் போடாமல், காற்றுப் போகும் கூடையில் வைத்துக் கொண்டுபோங்கள்.

கடைசியாக ஒன்று. இந்தக் கறியை நன்றாகத் தின்கிறதே, இதையே தொடர்ந்து கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். வெறும் நெஞ்சுக்கறியில் சுண்ணாம்புச் சத்து இல்லையென்றே சொல்லலாம். அதையே தின்று வளரும் குட்டிக்கு எலும்பு வளைந்து ஒடியும். டாரினும் அதில் குறைவு; காலின் கருங்கறியிலும் இதயத்திலும்தான் அதிகம். டாரின் குறைந்தால் பூனைக்குக் கண்பார்வை கெடும் என்பது 1975-லேயே தெரிந்தது. 1987-ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பால் பியன் என்ற கால்நடை மருத்துவர், இதயம் வீங்கிச் சாகும் பூனைகளின் ரத்தத்தில் டாரின் குறைவாக இருப்பதைக் கண்டு, அதைக் கொடுத்துத் தேற்றிக் காட்டினார். அந்தப் பூனைகள் தின்றது கம்பெனிகள் தயாரித்த உணவுதான். அதன்பிறகே கம்பெனிகள் டாரினின் அளவைக் கூட்டின. எல்லாம் சேர்த்ததாகச் சொன்ன டின் உணவிலேயே அப்படி ஒரு ஓட்டை இருந்தது என்றால், நம் வீட்டுப் பால் பாத்திரத்தில் வெந்த கறியை நம்பி மாதக்கணக்கில் ஓட்ட முடியாது. சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ள பூனைக்கு இந்தக் கறிப் பத்தியத்தையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

ஆகவே இரண்டு மூன்று நாள். மலம் உருண்டையாகக் கட்டத் தொடங்கியதும் பழைய உணவில் கால் பங்கு, முக்கால் பங்கு கறி. மறுநாள் பாதிக்குப் பாதி. அதற்கு மறுநாள் முக்காலுக்குக் கால். நடுவில் திரும்பவும் இளகினால் ஒரு படி பின்னால் போய் நின்றுகொள்ளுங்கள். மூன்றாம் நாளும் இளகியே போனால் ஒரு சின்ன டப்பாவில் மலத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். குடற்புழுவா வேறு எதுவுமா என்று பார்த்துச் சொல்லிவிடுவார்.